டைரியில் ஏழு வரி, நாளில் ஒன்றரை மணி நேரம்

கேள்வி: குடியாத்தம் – பேரணாம்பட்டு ரோட்டில் எங்கள் ஊர். வயது 26. பி.காம். முடித்துவிட்டு ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் செக்கிங் வேலை பார்க்கிறேன். காலை 7.15க்கு கம்பெனி வண்டி வரும், வீடு திரும்ப 6.45 ஆகிவிடும். கைக்கு 13,500 வருகிறது. ஜனவரி 1 அன்று டைரியில் ஏழு எழுதினேன். குரூப் 4 பாஸ் ஆவது, 10 கிலோ குறைப்பது, இங்கிலீஷ் பேசுவது, பேங்கில் 60,000க்கு வைத்த செயினை மூன்று மாதத்தில் மீட்பது, தினமும் 4 மணிக்கு எழுவது, போனைக் குறைப்பது, கோபப்படாமல் இருப்பது. பொங்கல் வரை ஓடியது. சித்திரை ஒன்றுக்கு மறுபடி எழுதினேன். வைகாசியில் சிரசுத் திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் பத்து நாள் இருந்தார்கள், அத்தோடு போச்சு. இப்போது ஆடி. "உன்னால ஒன்னும் ஆவாதுடி" என்கிறார் அம்மா. எனக்கு மன உறுதியே கிடையாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாரத்தில் ஆறு நாள் 7.15 வண்டியை விடாமல் பிடிக்கிறீர்கள். அதற்குள் தண்ணீர் பிடித்து, சமைத்து, டப்பா கட்டிவிட்டு ஓடுகிறீர்கள். மன உறுதி இல்லாதவரால் இது முடியாது. அந்த வண்டி வருவதற்கு ஒரு நேரம் இருக்கிறது, நிற்பதற்கு ஓர் இடம் இருக்கிறது, வந்ததும் ஹாரன் அடிக்கிறது. டைரியில் எழுதிய ஏழு வரிக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. கோளாறு அங்கேதான்.

ஏழையும் பிரித்துப் போட்டுப் பார்ப்போம். குரூப் 4 பாஸ் ஆவதும், எடை குறைவதும் விளைவுகள். கட் ஆஃப் எவ்வளவு என்பது உங்களோடு எழுதும் லட்சக்கணக்கானவர்களையும் பொறுத்தது, அது உங்கள் கையில் இல்லை. இங்கிலீஷுக்கு எல்லையே சொல்லவில்லை, எப்போது 'வந்துவிட்டது' என்று எப்படித் தெரியும்? 4 மணிக்கு எழுவது வழி மட்டுமே. எழுந்து என்ன செய்வது என்று எழுதவில்லை, அதனால் எழுந்த அன்றும் போனைத்தான் பார்த்திருப்பீர்கள். போனைக் குறைப்பதும் கோபப்படாமல் இருப்பதும் 'செய்யாமல் இருக்கிற' வேலைகள். செய்யாமல் இருப்பதற்கு மணி அடிக்க முடியாது. மிஞ்சியது செயின். அது வெறும் கூட்டல் கழித்தல், அதையும் போட்டுப் பார்க்கவில்லை.

இப்போது நேரத்தை எண்ணுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். வேலையும் வண்டியும் நாளுக்கு பதினொன்றரை, ஆறு நாளைக்கு 69. தூக்கம் நாளுக்கு 7, மொத்தம் 49. இதில் கை வைக்காதீர்கள், தூக்கத்தைத் திருடிப் படித்தது நினைவில் தங்காது. சமையல், குளியல், சாப்பாடு, துணி, தண்ணீர் என்று வார நாளில் 4 மணி, ஞாயிறு 8 மணி, ஆக 32. மிச்சம் 18 மணி நேரம்: வார நாளில் ஒன்றரை, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது. இந்தப் பதினெட்டுக்குள்தான் ஏழு லட்சியங்களையும் அடைத்திருக்கிறீர்கள்.

அந்தப் பதினெட்டையும் முழுசாக நம்பக் கூடாது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடும்போது, எல்லாம் சுமுகமாக நடக்கும் நாளை மனதில் வைத்தே நாம் போடுகிறோம். இந்தத் தவறை டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979லேயே எடுத்துச் சொன்னார்கள். உறவினர் வருவார்கள், ஜுரம் வரும், கரண்ட் போகும். பாதியைத் திட்டத்தில் வையுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 50 நிமிடம், சனிக்கிழமை ஒன்றும் வேண்டாம், ஞாயிறு இரண்டு உட்காரலாக 4 மணி நேரம். வாரத்துக்கு எட்டு மணி நேரம் கிடைக்கும். 12 வாரத்தில் 96. நல்லது கெட்டது என்று இரண்டு வாரம் போனாலும் 80 மணி நேரம் கையில் நிற்கும்.

எண்பது மணி நேரத்தில் ஒரு காரியம் உருப்படியாக நகரும். மூன்று காரியங்களுக்குப் பங்கு போட்டால் மூன்றும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே படிப்பு மட்டும். செயின் கூடவே வரலாம், ஏனென்றால் அதற்கு மாதத்தில் ஒரு நாள், ஒரு முடிவு போதும். தினசரி நேரத்தை அது தின்னாது. எடையையும் இங்கிலீஷையும் டைரியின் கடைசிப் பக்கத்தில் 'அடுத்த தைக்கு' என்று தலைப்பிட்டு எழுதி வையுங்கள். எழுதி வைத்துத் தள்ளிப் போடுவது வேறு, தினமும் மனசாட்சியில் உறுத்திக்கொண்டே இருப்பது வேறு.

குரூப் 4 தேர்வு 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, திறனறிவில் 25. தமிழ்ப் பகுதியில் 150க்கு 60 மதிப்பெண், அதாவது 40 கேள்வி சரியாக இல்லையென்றால் மீதிப் பகுதியைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். முதல் 12 வாரத்துக்குத் தமிழும் திறனறிவும் போதும் என்பது என் அபிப்பிராயம். இரண்டும் சேர்ந்தால் 200ல் 125. பொது அறிவு கடல், அதில் முதலில் இறங்கினால் கரை தெரியாமல் இரண்டாம் மாதமே கை ஓய்ந்துவிடும். திறனறிவு அப்படியில்லை. சதவீதம், விகிதம், மீ.சி.ம., மீ.பெ.வ., தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, நேரமும் வேலையும், கூடவே எண் தொடர், புதிர் மாதிரியான தர்க்கக் கேள்விகள் என்று அடங்கிவிடும். பி.காம். படித்தவருக்கு வட்டிக் கணக்கு புதிதுமில்லை. தமிழுக்கு 6 முதல் 10 வரையிலான பள்ளிப் பாடநூல்களைப் பிடியுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் நாளே ஆயிரக்கணக்கில் கட்டி கோச்சிங்கில் சேர வேண்டாம். அறிவிப்பு வெளியாகும்போது பாடத்திட்டத்தை மட்டும் தேர்வாணையத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, ஹாரன். உங்கள் ஊர்ப் பக்கம் ஆடிக் கிருத்திகைக்கு வள்ளிமலைக்கோ ரத்தினகிரிக்கோ காவடி எடுப்பவர்களைப் பாருங்கள். மற்ற நாளில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாதவர்கூட மாலை போட்டதும் கவுச்சி தொடமாட்டார், செருப்பு போடமாட்டார். அவர் உடம்பில் திடீரென்று உறுதி சுரந்துவிடவில்லை. தொடங்கும் தேதி இருக்கிறது, முடியும் தேதி இருக்கிறது, விதி நாலைந்துதான், ஒவ்வொன்றும் 'இது உண்டு, இது கிடையாது' என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது. கழுத்தில் மாலை தெரிவதால் டீக்கடைக்காரர்கூட விவரம் தெரிந்து நடந்துகொள்கிறார். ஒவ்வொரு நாளும் 'இன்றைக்குச் செய்யலாமா' என்று யோசிக்க வேண்டிய தேவையையே விரதம் எடுத்துவிடுகிறது. அதே ஆள் மாலையைக் கழற்றிய மறுநாள் பழையபடி ஆகிவிடுவதும் நமக்குத் தெரிந்ததுதான். விதிகள் மாலையோடு கழன்றுவிடுகின்றன, அன்றாட வாழ்க்கையில் ஒட்டிக்கொள்ள அவற்றுக்கு வேறு இடம் இல்லை.

உங்களுக்கு இரண்டும் வேண்டும்: விரதத்தின் கறாரும், அன்றாடத்தில் ஒட்டிக்கொள்ள ஓர் இடமும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு வாக்கிய அமைப்பையே தந்திருக்கிறார்: 'இன்னது நடந்ததும், இந்த இடத்தில், இன்னதைச் செய்வேன்.' இப்படி எழுதிக்கொண்டவர்கள் வெறுமனே 'செய்வேன்' என்று நினைத்தவர்களைவிடக் கணிசமாக அதிகம் செய்து முடித்தார்கள் என்பதை 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2006ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் காட்டினார்கள். சூட்சுமம் முதல் பாதியில் இருக்கிறது. '9 மணிக்கு' என்று எழுதாதீர்கள். 9 மணி சத்தமில்லாமல் கடந்து போகும். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றின் வாலில் கட்டுங்கள். உங்கள் வீட்டில் இரவு எது தவறாது? பாத்திரம் கழுவி அடுப்பைத் துடைப்பது. எனவே: 'அடுப்பைத் துடைத்த துணியைக் கொடியில் போட்டதும், போனைச் சமையலறை ஸ்விட்ச் போர்டில் சார்ஜுக்கு மாட்டிவிட்டு, முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, நோட்டில் இன்றைய தேதியை எழுதுவேன்.'

வாக்கியம் தேதி எழுதுவதோடு நிற்கிறது, கவனித்தீர்களா? '50 நிமிடம் படிப்பேன்' என்று எழுதினால் பதினொன்றரை மணி நேரம் வெளியே இருந்துவிட்டு வந்த உடம்பு அந்த ஐம்பதைக் கேட்டே பயந்துவிடும். தேதி எழுத யாருக்கும் பயமில்லை. எழுதிய பிறகு எழுந்து போவது அரிது. நோட்டும் பேனாவும் புத்தகமும் ஜன்னலோரமே கிடக்கட்டும், பீரோவில் வைத்துப் பூட்டினால் அதை எடுக்கிற சோம்பலிலேயே பாதி நாள் போகும். உங்கள் ஆறாவது வரியான போன் இங்கேயே தீர்ந்துவிட்டதையும் பாருங்கள். அதற்கு ஓர் இடம் கொடுத்தோம், அவ்வளவுதான். காலை அலாரத்துக்கு ஒரு டைம்பீஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அலாரத்துக்காகப் படுக்கைக்கு வரும் போன்தான் பன்னிரண்டு மணி வரை கையில் இருக்கும்.

ஐம்பது நிமிடத்தைப் பிரிக்கும் விதம்: முதல் 10 நிமிடம் புத்தகத்தைத் திறக்காமல் நேற்றுப் படித்ததை நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு 25 நிமிடம் புதிய பாடம், 15 நிமிடம் அதிலிருந்து 20 கேள்வி. திரும்பத் திரும்பப் படிப்பதைவிட மூடிவைத்து நினைவுகூர்வதே ஒரு வாரம் கழித்தும் நிற்கிறது என்பதை 2006ல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்துக் காட்டினார்கள். செய்யும்போது கஷ்டமாக இருக்கும், ஒன்றும் ஞாபகம் வராதது போலத் தோன்றும். பரவாயில்லை, அந்தக் கஷ்டம்தான் வேலை செய்கிறது. திங்கள், புதன், வெள்ளி தமிழ். செவ்வாய், வியாழன் கணக்கு. வண்டியில் போகும் நேரத்தைப் படிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். குலுங்குகிற வண்டியில் புத்தகம் பிடித்தால் தலைவலிதான் மிச்சம். கண்ணை மூடி நேற்றைய பத்துச் சொல்லுக்கு எதிர்ச்சொல் ஓட்டிப் பார்த்தால் அது லாபம்.

இது எத்தனை நாளில் பழக்கமாகும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் சகாக்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்ததில், ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கத் தொடங்க நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலரின் கணக்கு 254 வரை போனது. நடுவில் ஒரு நாள் விட்டது பெரிய சேதம் செய்யவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. (இலக்குகளைக் காகிதத்தில் எழுதிய மூன்று சதவீத யேல் பல்கலைக்கழக மாணவர்கள் பிற்காலத்தில் மற்ற எல்லோரையும்விடப் பணக்காரர்கள் ஆனார்கள் என்ற கதை உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அப்படி ஓர் ஆய்வு நடந்ததற்குத் தடயமே இல்லை. எழுதினால் மட்டும் நடக்கும் என்றால் உங்கள் ஏழு வரி நடந்திருக்கும்.)

நாள் தவறும். தவறியதை என்ன செய்வது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள், தவறிய அன்று முடிவு செய்தால் அது அழுகையில் முடியும். லைனில் ஓ.டி. சொன்னால், அன்று 15 நிமிடம், 10 கேள்வி, அதோடு தூக்கம். வீட்டுக்கு ஆள் வந்து முன்னறை போய்விட்டால், மொட்டை மாடியில் லைட்டோடு 15 நிமிடம். ஒரு நாள் முழுசாக விட்டுப்போனால் விட்டதுதான், அந்த 50 நிமிடத்தை மறுநாள் தலையில் ஏற்றிவிடாதீர்கள். அது கந்துவட்டி மாதிரி. நாளைக்கு 100, மறுநாள் 150 என்று ஏறி, நாலாம் நாள் டைரியைத் திறக்கவே கை வராது. சிரசுத் திருவிழாவில் உங்களுக்கு நடந்தது இதுதான். பத்து நாள் போனதால் நிற்கவில்லை, பதினோராம் நாள் பத்து நாள் பாக்கியோடு தொடங்க நினைத்ததால் நின்றது. கறாரான விதி ஒன்று போதும்: தொடர்ந்து இரண்டு நாள் விடுவதில்லை. இரண்டாம் நாள் தேதி மட்டும் எழுதினாலும் கணக்கு உயிரோடு இருக்கும்.

வெயிலையும் கணக்கில் வையுங்கள். கத்திரியில் உங்கள் பக்கம் இரவு பத்து மணிக்கும் சுவர் அனல் கக்கும். சித்திரை, வைகாசியில் மட்டும் இடத்தை மாடிக்கோ, நேரத்தை விடிகாலை 5 மணிக்கோ மாற்றலாம். முன்தினம் 10க்குப் படுத்திருந்தால் மட்டுமே அது சரிப்படும்.

அளப்பதற்கு உங்களுக்கு நான் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. லைன் முனையில் ஒரு வெள்ளைப் பலகை தொங்குமே. மணிக்கு எத்தனை ஜோடி டார்கெட், எத்தனை வந்தது, எத்தனை குறைவு, காரணம் என்ன. அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். நூல் அறுந்ததா, மிஷின் நின்றதா, அப்பர் (ஷூவின் மேல்பாகம்) வரவில்லையா என்று எழுதுகிறார்கள், 'டெய்லருக்கு மன உறுதி இல்லை' என்று யாரும் எழுதுவதில்லை. அதே நாலு கட்டத்தை நோட்டின் பின் அட்டையில் போடுங்கள். ஞாயிறு காலை 20 நிமிடம் அதைப் பாருங்கள். ஒரே காரணம் ஒரு மாதத்தில் மூன்று தடவை வந்திருந்தால், உங்களை மாற்ற வேண்டாம், இடத்தையோ நேரத்தையோ மாற்றுங்கள்.

செயின் விஷயம். மூன்று மாதத்தில் 60,000 என்றால் வட்டி போக மாதம் 20,000. சம்பளமே 13,500. ஜனவரியிலேயே தோற்றுவிட்ட கணக்கு அது. ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 450 வட்டிக்கே போகும். சம்பளம் ஏறிய அன்றே 3,500 கட்டினால் முதல் மாதம் அசலில் 3,050 குறையும், இப்படியே போனால் 19 மாதம். மூன்றாம் மாதம் தீபாவளி போனஸில் 9,000 சேர்த்துக் கட்ட முடிந்தால் 16 மாதம். உங்கள் ரசீதில் உள்ள வட்டியைப் போட்டு இதையே திரும்பக் கணக்கிடுங்கள். பகுதித் தொகை கட்டினால் அசலில் கழிப்பார்களா, ஓராண்டுக் கெடு முடியும்போது புதுப்பிக்க என்ன கட்ட வேண்டும் என்று பேங்க் கவுன்டரில் கேளுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சினால் கட்டலாம் என்று மட்டும் வைக்காதீர்கள். மிஞ்சாது.

யாரிடம் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். 'குரூப் 4 எழுதப் போறேன்' என்று தெருவெல்லாம் சொன்னால் கிடைக்கிற பாராட்டிலேயே பாதி வேலை முடிந்த திருப்தி வந்துவிடும். வண்டியில் பக்கத்து சீட்டில் வரும் ஒரு தோழி போதும். அவரிடம் லட்சியத்தைச் சொல்ல வேண்டாம், திங்கள்தோறும் ஓர் எண்ணைச் சொல்லுங்கள்: போன வாரம் எத்தனை மணி நேரம். அம்மாவிடம் வாக்குவாதம் வேண்டாம். அடுப்பு துடைத்த பிறகு ஒரு மணி நேரம் கூப்பிடாமல் இருந்தால் போதும் என்று கேளுங்கள், அதைக் கொடுப்பது அவருக்கும் எளிது.

பன்னிரண்டாம் வாரம் பழைய கேள்வித்தாள் ஒன்றை முழுசாக எழுதிப் பாருங்கள். மதிப்பெண் ஏறாமல் இருந்தால் நோட்டின் பின் அட்டையில் போட்ட கட்டங்களைப் பாருங்கள். மணி நேரம் குறைவு என்றால் நேரமும் இடமும் தப்பு. மணி நேரம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் படிக்கிற முறை தப்பு, அப்போது ஒரு கோச்சிங்குக்கோ நூலகத்தில் சேர்ந்து படிக்கும் கூட்டத்துக்கோ போகலாம். இரண்டும் வேறு வேறு வியாதி, மருந்தும் வேறு.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் வராமல், முன்பு பிடித்தது எதிலும் மனம் செல்லாமல், எல்லாம் வீண் என்று தோன்றுகிறதா? அப்படியானால் திட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை இருக்கிறது. போனிலேயே பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது.

வரும் ஞாயிறு ஜெராக்ஸ் கடையில் முந்தைய குரூப் 4 கேள்வித்தாள் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து, காலை 10 முதல் 1 வரை எதையும் படிக்காமல் அப்படியே எழுதுங்கள். தமிழில் 100க்கு எத்தனை சரி, திறனறிவில் 25க்கு எத்தனை சரி என்று இரண்டு எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் போடுங்கள். தமிழில் 55 வந்தால் 12 வாரத்தில் 70, திறனறிவில் 9 வந்தால் 17 என்று வைக்கலாம். 40க்குக் கீழே வந்தால் பயப்படாமல் 55 என்று வையுங்கள். திங்கள் இரவு அடுப்பைத் துடைத்ததும் தேதி எழுதுங்கள்.